அப்பா இன்னும் கேள்விப்படேல்லை

ஆரம்பப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இரண்டு பேருக்கும் வணக்கம். பணி அனுபவம் எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வூதியம் எடுத்து, சாய்மனைக் கதிரையில் இருந்து ஆறுதலாக எழுதுகிறவர்கள். எனக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் நாலு வருசம்கூட முடியவில்லை. அடுத்த தவணை வன்னிக்கு மாற்றம். போகமுன் உங்களுக்கு ஏதாவது சொல்லிவிட்டுப் போகச் சொன்னார் அதிபர். என்னத்தைச் சொல்வது சேர் என்று கேட்டேன். "உமக்குத் தெரிஞ்சதைச் சொல்லும்" என்றார். தெரிந்ததைவிட விளங்காமல் போனதுதான் என்னிடம் கூட இருக்கிறது. அதையே சொல்கிறேன்.

பாடக்குறிப்பு எழுதுவது, தரம் ஒன்றை அழாமல் இருத்துவது எல்லாம் ஆசிரியர் கலாசாலையில் படித்திருப்பீர்கள். நான் சொல்ல வருவது வெள்ளிக்கிழமைச் செய்தியைப் பற்றி. இனி அது உங்கள் தலையில்.

அதைத் தொடங்கினது நான்தான். வந்த புதிதில் எனக்கு எதைக் கண்டாலும் ஒரு திட்டம் தோன்றும். கிழமை முழுக்கப் பிள்ளைகள் செய்தி சேர்ப்பார்கள்; வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் ஒரு பிள்ளை எழும்பி நின்று வாசிக்கும்; நான் என் போனில் பதிந்து பெற்றோரின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவேன். விளையாட்டுப் போட்டியில் எந்த இல்லம் வென்றது, கிணற்றுக்கு மருந்து போட்டது, பரீட்சைக்குள் நாய் வந்தது. கடைசியில் குடும்பச் செய்தி. எல்லாரும் அதற்குத்தான் காத்திருப்பார்கள். ஒருத்தியின் சின்னம்மாவுக்கு அளவெட்டியில் கலியாணம், நாலு கூட்டு மேளம். ஒருவனின் அப்பப்பாவுக்குக் கண் ஒப்பரேசன் முடிந்தது, இப்போது அவர் தூரத்தில் வாற பஸ்ஸின் பெயரை வாசிக்கிறார். ஒருத்தர் வீட்டு மாடு கன்று போட்டது. செய்தி போன மறு நிமிசம் குழு முழுக்கச் சிவப்பு இதயமாக விழும்.

இரண்டே இரண்டு விதி வைத்திருந்தேன். வீட்டுச் சண்டை சொல்லக்கூடாது, வாங்கின சாமானின் விலை சொல்லக்கூடாது. இந்த இரண்டுக்குள்ளும் உலகத்தின் ஆபத்து எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

பங்குனி மாதம். வேம்பு பூத்து முற்றம் முழுக்கக் கொட்டிக் கிடந்தது, ஊர்க் கோயிலில் கொடி ஏறியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை வாசித்தது தரம் மூன்று கபிஷா. மணி அடித்த மாதிரிக் குரல். அடுத்த திங்கட்கிழமை கோயிலில் எங்கள் பிள்ளைகள் தேவாரம் பாடுவதாக இருந்தது, முன்னுக்கு நின்று எடுத்துக் கொடுக்கிறவள் அவள்தான். அந்தத் திங்கட்கிழமை அவளின் அப்பாவுடைய குடும்பத்தின் திருவிழா. உங்களுக்குத் தெரியும், இங்கே பத்து நாள் திருவிழா என்றால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் பொறுப்பு. ஆனால் போன வருசமும் அதற்கு முந்தின வருசமும் அவர்களால் செய்ய முடியவில்லை. இரண்டு தரமும் திருவிழா நேரம் பார்த்துப் பங்காளி வீட்டில் மரணம், துடக்கு என்ற தீட்டு, கோயிலுக்குள் போக முடியாது. மூன்றாம் வருசமும் தவறினால் அந்தத் திருவிழா நாளையே வேறு ஆட்களுக்குக் கொடுக்க வேண்டி வரலாம் என்று ஊரில் கதை வந்திருந்தது. கபிஷா மாசி மாதத்தில் இருந்து நீராகாரம் குடித்துக் குரலைப் பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

அவள் விளையாட்டுப் போட்டியை வாசித்தாள். வேப்பம்பூவை வாசித்தாள். பிறகு கொப்பியை மூடிவிட்டுத் தன்பாட்டில் சொன்னாள்: "ஒரு சந்தோசமான செய்தி. பாரிசிலை எங்கடை சித்தப்பாவுக்குத் தம்பிப் பாப்பா பிறந்திருக்கிறார். அவருக்கு நிறையத் தலைமயிர் இருக்கு. வணக்கம்."

எவ்வளவு நல்ல முடிவு! உடனே அனுப்பினேன்.

ஒரு இதயம் வரவில்லை. அதுதான் முதலாவது குழப்பம். நீலச் சரிகள் வந்துகொண்டே இருக்கின்றன, ஆட்கள் கேட்கிறார்கள், ஒருத்தரும் ஒன்றும் போடவில்லை. மாட்டுக் கன்றுக்கு விழுந்த இதயம் ஒரு பிள்ளைக்கு விழவில்லை. இணையத்தில் ஏதோ கோளாறு என்று போனை நிப்பாட்டிப் போட்டுப் பார்த்தேன்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம் ஒரு ஸ்கூட்டி வந்து நின்றது. கபிஷாவின் மாமி, அப்பாவின் தங்கச்சி. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வகுப்புக்குள் வந்தார்.

"வாழ்த்துகள் அக்கா" என்றேன்.

"மெதுவாக் கதையுங்கோ ரீச்சர்! அண்ணை இன்னும் கேள்விப்படேல்லை."

"என்னத்தை?"

"பிள்ளை பிறந்ததை."

"ஐயோ, அவருக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"தெரியும், ஆனா கேள்விப்படேல்லை. இது ஏன் உங்களுக்கு விளங்கேல்லை? நீங்கள் எந்த ஊர்?"

"யாழ்ப்பாணம் ரவுண்."

"அதுதான்."

பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினார். பிறப்பு நடந்தாலும் துடக்குத்தான். தகப்பன்வழிச் சொந்தம் முழுக்க ஒரு மாதம் கோயிலுக்குள் காலடி வைக்க முடியாது. இது எங்கள் வீட்டிலும் உண்டு. எனக்குத் தெரியாதது அடுத்தது: தூரத்தில் நடந்தால், கேள்விப்பட்ட நேரத்தில் இருந்துதான் துடக்கு. பாரிசில் பிள்ளை திருவிழா முடிந்த பிறகுதான் பிறக்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பிள்ளை அவசரப்பட்டுவிட்டது. பாரிசில் இருக்கும் தம்பிக்காரன் மாமிக்கு மட்டும் போன் எடுத்துச் சொன்னான். மாமி கலியாணம் கட்டி வேறு வீட்டுக்குப் போனவர், அவருக்குத் துடக்கு இல்லை. அவர் புதன்கிழமை அண்ணை வீட்டுப் படலையைத் திறக்க, அண்ணை இவரின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தினாராம். "ஒண்டும் சொல்லாதை. செவ்வாய்க்கிழமை சொல்லு." அன்றைக்கே போனை நிப்பாட்டி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

"அப்ப கபிஷாவுக்கு ஆர் சொன்னது?"

மாமி ஹெல்மெட்டைத் தடவினார். "நான்தான் போட்டோ காட்டினனான். ஒருத்தருக்கும் காட்டாமல் எத்தினை நாள் வைச்சிருக்கிறது ரீச்சர்? சின்னப் பிள்ளைதானே, கணக்கில்லை எண்டு நினைச்சன்." பிறகு, "பாருங்கோவன்" என்று எனக்கும் காட்டினார். உண்மையாகவே நிறையத் தலைமயிர். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பிரச்சினையை மறந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதிபர் வந்தார். விசயத்தைக் கேட்டதும் "அந்தப் பதிவை அழியும்" என்றார்.

"அழிச்சா அழிச்ச அடையாளம் வரும் சேர். எல்லாரும் ஏன் எண்டு கேப்பினம்."

"அப்ப விடும்."

"விட்டா இன்னும் கேக்காத ஆக்களும் கேப்பினம்."

"அப்ப அழியும்." மணிக்கூட்டைப் பார்த்தார். "எனக்கு வலயக் கல்விக் கந்தோரிலை கூட்டம். நீர் பாத்துச் செய்யும்." அவரின் மோட்டார்சைக்கிள் போகிற சத்தம் கேட்டது.

"செய்தி பிழை எண்டு போடுங்கோ" என்றார் மாமி. சரி, திருத்தம் போடுவோம் என்று தட்டத் தொடங்கினேன். 'பாரிசில் குழந்தை பிறந்ததாக வெளியான செய்தி தவறானது' என்று எழுதி முடிக்கமுன் மாமி என் கையைப் பிடித்துவிட்டார். "என்ன விசர் வேலை! பிறந்த பிள்ளையைப் பிறக்கேல்லை எண்டு எழுதுறதோ? கண்ணூறு பட்டுப் போகும்!"

"நீங்கள்தானே பிழை எண்டு போடச் சொன்னனீங்கள்?"

"பிழை எண்டு போடுங்கோ. பிறக்கேல்லை எண்டு போடாதேங்கோ."

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது அப்படி ஒரு வசனம் அமைக்கத் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

நான் படித்த படிப்பு என்ன சொல்லியது? சந்தேகம் வந்தால் மூலத்திடம் போய்க் கேள். சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மாமி பின்னால் நின்று "ஐயரிட்டைக் கேக்காதேங்கோ, கேட்டால் அவர் சொல்லத்தானே வேணும்!" என்று கத்தினது காதில் விழுந்தது, மூளையில் ஏறவில்லை.

குருக்களின் மகன் எங்கள் தரம் ஒன்றில். ஆகவே அவரும் குழுவில் இருக்கிறார். பின்னேரப் பூசைக்குப் பூ ஆய்ந்துகொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் நிமிர்ந்தார்.

"வாங்கோ ரீச்சர். ஏதோ கேக்கிற முகமா இருக்கு. பொது அறிவுக்குக் கேக்கிறியளோ, இல்லை ஒரு வீட்டைப் பற்றிக் கேக்கிறியளோ?"

"ஒரு வீட்டை..."

"பொது அறிவுக்குக் கேளுங்கோ" என்றார் உடனே. "வீட்டின்ரை பேரைச் சொன்னால் நான் கேட்டவனாப் போவன்."

"நீங்கள் குழுவிலை ஏற்கெனவே..."

"என்ரை போனிலை சார்ஜ் இல்லை" என்றார். பக்கத்துக் கதிரையில் போன் வெளிச்சமாகக் கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவர் ஒரு தாமரை இலையை எடுத்து அதன் மேல் வைத்தார்.

பொது அறிவுக்குக் கேட்டேன். பொது அறிவுக்குச் சொன்னார். "துடக்குக் காக்கிறது அந்தந்த வீட்டார். நான் வீடு வீடாப் போய்ப் பிடிக்கிற ஆள் இல்லை. ஒருத்தர் வந்து நான் கேள்விப்பட்டிட்டன் எண்டு சொன்னால், உள்ளுக்கு வாங்கோ எண்டு நான் சொல்ல மாட்டன். அவர் சொல்லாட்டில் எனக்கென்ன தெரியும்?"

"அப்ப எல்லாரும் தெரிஞ்சுகொண்டே தெரியாத மாதிரி இருக்கிறதோ ஐயா?"

"எல்லாரும் அந்தக் குடும்பத்தின்ரை நாள் நடக்கவேணும் எண்டு விரும்புறது, பிள்ளை" என்றார். அவர் கோபிக்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க எனக்குத்தான் யாரோ கோபித்த மாதிரி இருந்தது. இதயம் போடாத பெற்றோர் எல்லாரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் பிடிபடத் தொடங்கியது.

சனிக்கிழமை காலை மண்டபத்தில் தேவாரப் பயிற்சி. கபிஷா வந்தாள், முன்னுக்கு நின்றாள், வாய் திறக்கவில்லை. நான் சுருதிப் பெட்டியைப் போட்டேன், நிப்பாட்டினேன், திரும்பப் போட்டேன்.

"ரீச்சர், உவளாலை திருவிழா நிக்கப் போகுதாம்" என்றது பின்வரிசை.

"நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றாள் கபிஷா. "எனக்கு ஒரு தம்பியும் இல்லை."

அந்த நேரம் மாமி வந்தார். இரவு முழுக்க யோசித்து வழி கண்டுபிடித்திருந்தார். திருத்தத்தை நான் எழுதத் தேவையில்லை, கபிஷாவே சொல்லட்டும். பகிடிக்குச் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கோ. அவ்வளவுதான். சின்னப் பிள்ளை கதை கட்டினது என்று எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள், பிள்ளை பிறக்கவில்லை என்று யாரும் எழுதினதாகவும் இராது.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது கெட்டித்தனமாகத்தான் பட்டது. மற்றப் பிள்ளைகளை முற்றத்துக்கு அனுப்பினேன். போனை எடுத்தேன். பதியத் தொடங்கினேன்.

"வணக்கம்" என்றாள் கபிஷா. "வெள்ளிக்கிழமை நான் சொன்ன செய்தி..." நின்றாள். என்னைப் பார்த்தாள். "ரீச்சர், பொய் எண்டு சொன்னால் தம்பி திரும்பப் போயிடுவாரோ?"

நான் பதிவை நிப்பாட்டினேன். யோசித்து நிப்பாட்டவில்லை, விரல்தான் நிப்பாட்டியது.

"இன்னொருக்கா எடுங்கோ ரீச்சர்" என்றார் மாமி.

"இல்லை அக்கா. எடுக்கேல்லை."

"உங்களுக்கென்ன? நீங்கள் இண்டைக்கோ நாளைக்கோ மாறிப் போயிடுவியள். எங்கடை நாள் போனாப் போனதுதான்."

அது உண்மை. ஒரு பக்கம் ஒரு குடும்பம் இரண்டு வருசம் காத்திருந்த நாள், இந்தப் பிள்ளை மாசியில் இருந்து காத்த குரல். மறுபக்கம் நடந்த ஒன்றை நடக்கவில்லை என்று அவளே தன் வாயால் சொல்ல வேண்டும். இரண்டில் எது பெரிது என்று எந்தக் கலாசாலையிலும் எனக்குப் படிப்பிக்கவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது: வெள்ளிக்கிழமைச் செய்திக்கு எழும்பி நிற்கும் பிள்ளைக்கு, உண்மையைச் சொல்லு என்றுதான் நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். மற்றது எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அப்படி நிற்கும்போது வாசலில் அவளின் அப்பா. பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுக்குக் குடிக்க இளநீர்க் குலையோடு வந்திருந்தார். காலில் வெங்காயத் தோட்டத்து மண்.

"என்ன பதியிறியள்?"

"ஒண்டுமில்லை அண்ணை, நீங்கள் வெளியாலை போங்கோ" என்றார் மாமி.

அவர் போகவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தார். குலையை இறக்கி வைத்துவிட்டு அவளுக்கு முன்னால் குந்தினார். "என்னம்மா? வெள்ளிக்கிழமை என்ன சொன்னனீ?"

கபிஷா பாய்ந்து வந்து தன் இரண்டு கையாலும் அவரின் காதுகளைப் பொத்தினாள். "நீங்கள் கேக்கக்கூடாது அப்பா. கேக்கக்கூடாது."

அவர் அப்படியே இருந்தார். பிள்ளையின் கை காதில், கண் பிள்ளையின் முகத்தில். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பிறகு அந்தக் கைகளை மெதுவாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ரீச்சர், அந்த வெள்ளிக்கிழமைச் செய்தியைப் போடுங்கோ."

"போடாதேங்கோ ரீச்சர்!" என்றார் மாமி.

போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால், கேட்டவர் அந்தச் செய்திக்கு உரிய ஆள், சொன்னவள் அவரின் பிள்ளை. அதற்கு மேல் எனக்கு நியாயம் சொல்லத் தெரியாது. விளையாட்டுப் போட்டி போனது. வேப்பம்பூ போனது. பாரிஸ் வந்தது. நிறையத் தலைமயிர் என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஆரைப் போலை?" என்று மகளைக் கேட்டார்.

"உங்களைப் போலை. மூக்கு மட்டும் மாமி."

"பாவம்" என்றார். பிறகு தங்கச்சியிடம் திரும்பி, "நான் கேள்விப்பட்டிட்டன்" என்றார்.

மாமி வாங்குப் பலகையில் குந்தி அழத் தொடங்கினார். "அண்ணை, இஞ்சை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. முழு ஊருமே கேக்கேல்லை. ஐயருக்குப் போனிலை சார்ஜ் இல்லை. நீங்கள் ஏன் கேக்கிறியள்?"

"பிள்ளை சொல்லிப்போட்டாள். நான் கேக்கேல்லை எண்டால் இவள் சொன்னது என்னாகும்?" எழும்பினார். "உன்ரை வீட்டுக்குத் துடக்கில்லை, திங்கட்கிழமை உன்ரை மனிசனைத் திருவிழாவை எடுத்து நடத்தச் சொல்லு. சாமான் எல்லாம் வீட்டிலை இருக்கு, வந்து ஏத்துங்கோ." பிறகு கபிஷாவிடம்: "நீ பாட முடியாதம்மா. தெரியுமோ?"

தெரியும் என்று தலையாட்டினாள். அழவில்லை. தம்பி திரும்பிப் போக மாட்டார் என்று தெரிந்ததோ, அல்லது அழுது முடிந்துவிட்டதோ, எனக்குத் தெரியாது. இளநீரை வெட்ட அப்பாவுக்கு உதவி செய்யப் போனாள். குழுவில் அன்று மத்தியானம் அப்பாவின் பெயரில் இருந்து ஒரு இதயம் விழுந்தது. அதற்குப் பிறகு மற்ற எல்லாரும் போட்டார்கள், மழை மாதிரி. குருக்களும் போட்டார்.

அந்த நாள் அடுத்த வருசம் இந்தக் குடும்பத்துக்குத் திரும்புமோ, மாமி வீட்டுக்கே போய்விடுமோ, வேறு ஆட்களுக்குக் கொடுப்பார்களோ, கோயில் சபை இன்னும் முடிவு சொல்லவில்லை. நான் அதைப் போட்டது சரியோ பிழையோ என்று கேட்க ஆள் தேடினேன். அதிபர் "நீர் பாத்துத்தானே செய்தனீர்" என்றார். மாமி ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை, பிறகு பாப்பாவின் புதுப் படம் காட்ட வந்தார். நீங்கள் என்னிடம் இருந்து ஒரு மூன்றாம் விதியை எதிர்பார்ப்பீர்கள். என்னிடம் இல்லை. குடும்பச் செய்தி ஒன்று வந்தால், அனுப்ப முன்னம் அந்த வீட்டாரை ஒருக்கால் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லலாம். ஆனால் கேட்டிருந்தால் அந்த அப்பா என்ன சொல்லியிருப்பார்? கேட்டதே கேள்விப்பட வைத்ததாகியிருக்கும். பாருங்கள், இப்போதும் எனக்குத் தலை சுற்றுகிறது.

திங்கட்கிழமை பின்னேரம் மற்றப் பிள்ளைகள் பாடினார்கள். எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் இரண்டாம் பாட்டில் ஆளுக்கொரு பக்கம் போனார்கள், பிறகு எப்படியோ ஒன்று சேர்ந்தார்கள். சுவாமி வீதிக்கு எழுந்தருளும் நேரம் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கபிஷா வீட்டு ஒழுங்கைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்றும் தெரியாது. வழி முழுக்க வாசலுக்கு வாசல் கும்பம் வைத்து விளக்கேற்றியிருந்தார்கள். அவர்களின் வாசலில் மட்டும் ஒன்றுமில்லை.

முற்றத்தில் வேம்புக்குக் கீழே ஒரு கதிரை, அதன் முதுகில் சாய்த்து வைத்த போன். போனுக்குள் பாரிஸ், அங்கே இன்னும் நல்ல வெளிச்சம். ஒரு துணிப் பொட்டலம், அதற்கு மேலே கறுகறுவென்ற தலைமயிர், நித்திரை. கபிஷா திருவிழாவுக்குத் தைத்த பாவாடை சட்டையோடு, கை கட்டி, நிமிர்ந்து நின்று முதலாம் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் மேளம் கேட்டது. அவள் அதை விடக் கூட்டிப் பாடினாள்.

கிணற்றுக் கட்டில் இருந்த அப்பா என்னைக் கண்டு எழும்பி வந்தார். துடக்கு வீட்டில் தேவாரம் பாடுவதில்லை. அவருக்கும் அது மனதில் ஓடியிருக்க வேண்டும். மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ரீச்சர், நீங்கள் படிச்ச ஆள். இது பாடலாமோ?"

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லை அண்ணை" என்றேன்.

அவள் இரண்டாம் பாட்டைத் தொடங்கினாள்.